மூன்றாவது சாவி

எங்கே போகிறேன் என்று கேட்டீர்கள். உடனே பதில் சொல்லவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள் தம்பி. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆளே ஜெயங்கொண்டத்தில் இல்லை. குடிவந்த முதல் மாதம் மட்டும் எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு தடவை. "எங்க கெளம்பிட்டீங்க?" ஏன் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "சும்மாதான் கேட்டேன்" என்பார்கள். சும்மா ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கேட்பானா? உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா?

நீங்கள் பரவாயில்லை. விருத்தாசலத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டி இந்த ஹோட்டலில் வண்டி நின்று, நாற்பத்தொரு பேரும் டீ குடிக்க இறங்கின பிறகுதான் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன். இருபது நிமிஷம் நிற்கும் என்றார் கண்டக்டர். நான் இந்த மாதிரி இடத்தில் இறங்குவதில்லை. தெரியாத இடத்துத் தண்ணீரும் குடிப்பதில்லை.

மெட்ராசுக்குப் போகிறேன். பெரம்பூரில் ஒரு வீடு பார்க்க. பிடித்திருந்தால் இன்றைக்கே பேசி முடித்துவிடுவேன். என் வீட்டுக்காரி கஸ்தூரிக்குத் தெரியும். தெரியும், ஆனால் வர மாட்டேன் என்கிறாள். "நீங்க வேணா போய் இருங்க. நான் இங்கதான்" என்கிறாள். முப்பத்து நான்கு வருஷத்தில் கஸ்தூரி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்துவிடுவாள். தனியாக எப்படி இருப்பாள்? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் முதல் நாளே ஒன்பது பேர் கேட்டார்கள்.

நான் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவன். ஏழாவது வரைதான் படிப்பு. அண்ணா சாலையில் ஒன்பது மாடிக் கட்டிடம். முப்பத்து மூன்று வருஷம் அந்தப் பெட்டிக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று தகட்டில் எழுதியிருக்கும். ஒரு நாள்கூட ஒன்பது பேரை ஏற்றியதில்லை. பெரிய அதிகாரி ஒருவர் ஒன்பதாவதாக ஏறினார். அவரையே இறங்கச் சொன்னேன். சொன்னேன் என்றால், வாயால் சொல்லவில்லை. கதவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். அவராக இறங்கிப் போனார்.

அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். ஜனங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். யாரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மாடி எண்ணைச் சொல்வார்கள், அவ்வளவுதான். என் பேர் அருணகிரி என்று அந்தக் கட்டிடத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? வாட்ச்மேன் ராசையனுக்குத் தெரியும். சம்பளம் போடுகிற குமாஸ்தாவுக்குத் தெரியும். இரண்டு பேர்.

பழைய லிஃப்டை எடுத்துவிட்டு, பட்டனை அமுக்கினால் தானாகப் போகிற லிஃப்ட் வைத்தார்கள். எனக்கும் வயது ஆகியிருந்தது. அந்த ராசையன்தான் சொன்னான், எங்கள் ஊருக்கு வந்துவிடு, தரையோடு வீடு பார்த்துத் தருகிறேன் என்று. நாங்கள் அப்போது பெரம்பூரில் மூன்றாவது மாடியில் இருந்தோம். ஐம்பத்து நான்கு படி. கஸ்தூரிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் லிஃப்ட்ல ஏத்தி எறக்குனீங்க, என்னை மட்டும் படியில ஏத்துனீங்க" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள்.

யோசிக்காமல் வரவில்லை தம்பி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை என்று எழுதினேன். இதோ, இதுதான் அந்த நோட்டு. வந்த பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. குறை இப்போது இருபத்து மூன்று ஆகியிருக்கிறது. நிறை இரண்டு. படி இல்லை, அது ஒன்று. அவளுக்கு முட்டி வலி குறைந்தது, அது இரண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

குறைகளில் முதலாவது எங்கள் எதிர் வீடு. அங்கே மங்கையர்க்கரசி என்று ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், தனியாக இருக்கிறாள். ஜாக்கெட் தைக்கிறவள். தையல் மெஷினை எங்கே போட்டிருக்கிறாள் என்று கேளுங்கள். ஜன்னல் ஓரம். ஜன்னல் எதைப் பார்த்து இருக்கிறது? என் வாசலை. வெளிச்சத்துக்காகப் போட்டேன் என்கிறாள். கிழக்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் வராத வெளிச்சமா என் வீட்டுப் பக்கம் வருகிறது?

ஐந்தாவது குறையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை வாங்கினேன். காகிதப் பையில் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, "அண்ணே, ஊறுகாயைக் கொறைச்சுக்குங்க" என்று சத்தம். தெருவில் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்க்கிறான். நான் ஊறுகாய் தின்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அது பதினொன்றாவது குறை.

பாத்திரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அக்கம்பக்கத்தார் கிண்ணத்தில் எதையாவது போட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு நாள் அவியல், ஒரு நாள் கொழுக்கட்டை. நான் கிண்ணத்தைக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். மூன்று தடவை கொடுத்தேன். நான்காவது தடவை கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். "வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்தா, இனிமே குடுக்காதேன்னு அர்த்தங்க." அப்படியா? அது தெரிந்திருந்தால் வாங்கின நிமிஷமே திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் மூன்று தடவை வெறும் கிண்ணம் வாங்கியும் நான்காவது தடவை கொடுத்து அனுப்பினார்களே, ஏன்? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

கஸ்தூரி மாறிவிட்டாள். மத்தியானமானால் எதிர் வீட்டில்தான் இருப்பாள். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி தைத்துக் கொடுக்கிறாள். அவள் சிரிப்பது என் வீட்டுக்குள் கேட்கும். பெரம்பூரில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறேன். இதோ.

மெட்ராஸ் அப்படியா? இருபத்திரண்டு வருஷம் ஒரே மாடியில் இருந்தோம். எதிர் வீட்டில் ஒருவர் இருந்தார். ஒற்றை ஆள். படியில் பார்த்தால் அவரும் தலையைக் குனிந்துகொள்வார், நானும் குனிந்துகொள்வேன். பேர் தெரியாது. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எவ்வளவு நாகரிகம் பாருங்கள். பால்காரன் அவர் கதவில் தொங்குகிற பையில் பாக்கெட் போட்டுவிட்டுப் போவான். ஒரு நாள் நான் வேலைக்குப் போகும்போது பையில் ஒன்று இருந்தது. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்று. எண்ணினேன். நமக்கென்ன என்று இறங்கிப் போனேன். அன்றைக்குச் சாயங்காலம் போலீஸ் வந்து கதவை உடைத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அது வேறு விஷயம். எதைச் சொல்ல வந்தேன்? ஆமாம், பூட்டு.

இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்து உண்டு. கஸ்தூரி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, முன் கதவை வெளியே பூட்டிவிடுவேன். சந்து வழியாகச் சுற்றி வந்து பின்வாசலில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். வாசலில் பூட்டுத் தொங்கினால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் தட்ட மாட்டார்கள். உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆறு மாதம் இப்படி நடந்தது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கஸ்தூரி அவள் அக்கா மகள் வளைகாப்புக்கு மெட்ராஸ் போனாள். மூன்று நாள். நான் முதல் நாள் சாயங்காலமே பூட்டைத் தொங்கவிட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. அந்த ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் வரும். நான் பதினோரு குடம் பிடிப்பேன். பதினோராவது குடம் நிரம்பும்போது குழாயை மூடிவிடுவேன். ஒரு சொட்டு வீணாகாது. அன்றைக்கு மூன்றாவது குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போனேன். வழுக்கிவிட்டது.

இடுப்பில் அடி. வலது கால் பிசகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. வெளியே குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறது.

ஏன் கத்தவில்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். என்னவென்று கத்துவது? "காப்பாத்துங்க" என்றா? அந்த வார்த்தையை என் வாயால் நான் சொன்னதே இல்லை தம்பி. வாயைத் திறந்து பார்த்தேன். வரவில்லை. சுவரில் டைல்ஸ் எண்ணினேன். எண்பத்து நான்கு. ஏழு முறை எண்ணினேன். எட்டாவது முறை எண்ணும்போது அந்த மூன்று பால் பாக்கெட் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் அறுக்கிற மெஷின் சத்தம். வெல்டிங் கடை சேக் தாவூத் என் பூட்டை அறுக்கிறான். ஏழு பேர் உள்ளே வந்தார்கள். நான் ஒரு துண்டோடு கிடக்கிறேன். நனைந்த துண்டு. ஏழு பேரில் மூன்று பேர் பெண்கள்.

மங்கையர்க்கரசிதான் முதலில் வந்தாள். வந்தவள் கொடியில் கிடந்த கஸ்தூரியின் சேலையை உருவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, என் மேல் போட்டாள். "ஒண்ணும் இல்லண்ணே, ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "பொம்பளைங்க எல்லாம் வெளிய போங்க" என்றாள். அவளும் போய்விட்டாள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி. எலும்பு முறியவில்லை. கஸ்தூரி அன்றைக்கே திரும்பி வந்துவிட்டாள். எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்தார்கள். எனக்கு ஒரே கேள்விதான். வாசலில் பூட்டுத் தொங்குகிறது. நான் உள்ளே இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

சேக் தாவூத்தைக் கேட்டேன். சிரிக்கிறான். "பெரியவரே, மங்கையக்கா ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. நீங்க நெசமா வெளிய போனா பூட்டை மூணு வாட்டி இழுத்துப் பாப்பீங்களாம். சும்மா பூட்டுனா ஒரு வாட்டிதானாம். ஒரு வாட்டி இழுத்தா, மனுசன் உள்ள இருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்கன்னு தெருவுக்கே சொல்லி வச்சிருக்கு. அன்னைக்கு உங்க வீட்டுத் தண்ணி சாக்கடையில ஓடுது. ஒரு சொட்டு விடாத மனுசன் வீட்டுல இப்படி ஓடாதேன்னு அதுதான் ஓடியாந்து என்னைக் கூப்புட்டுச்சு."

கேட்டீர்களா? மூன்று வாட்டி, ஒரு வாட்டி. எனக்கே தெரியாது, நான் அப்படி இழுக்கிறேன் என்று. ஆறு மாதமாக என் கையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்படி ஒரு மனிதனை எண்ணலாமா? நான் எண்ணுவது வேறு. நான் எண்ணி மனசோடு வைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு தெருவில் நடக்க முடியவில்லை. "இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கிறவன் முகத்தைப் பார்த்தால், அவன் அந்த ஏழு பேரில் ஒருவனா என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. கஸ்தூரியிடம் மெட்ராசுக்கே போய்விடலாம் என்றேன். "உங்களுக்கு வெக்கமா இருக்கு. அதானே?" என்றாள். வெட்கமில்லை தம்பி. காரணம் வேறு. காரணம் சாவி.

அறுத்த பூட்டுக்குப் பதில் மங்கையர்க்கரசிதான் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். மூன்று சாவி என்று அச்சடித்திருக்கிறது. என் கைக்கு வந்தது இரண்டு. கஸ்தூரியைக் கேட்டால், "கடைக்காரன் ரெண்டுதான் குடுத்திருப்பான்" என்கிறாள். நான் நொண்டிக்கொண்டே கடைக்குப் போய்க் கேட்டேன். "மூணும் பெட்டியிலதான் இருந்துச்சு பெரியவரே." அப்படியானால் மூன்றாவது எங்கே? இருபத்து மூன்றாவது குறை அதுதான். நம் வீட்டுச் சாவி எவர் கையிலோ இருக்கிறது என்று தெரிந்து எப்படித் தூங்குவது?

அன்றிலிருந்து இரண்டு சாவியையும் நானே வைத்துக்கொள்கிறேன். கஸ்தூரியிடம் ஒன்று இருந்தால் அது எதிர் வீட்டுக்குப் போய்விடும். பின்வாசல் விஷயமும் ஊருக்கே தெரிந்துவிட்டதா, அதற்கும் உள்பக்கம் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அந்தச் சாவியும் என்னிடம்தான். இதோ பாருங்கள், ஒரே வளையத்தில் போட்டிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டினது கஸ்தூரியுடையது. இது என்னுடையது. இந்தச் சின்னது பின்வாசல். எந்நேரமும் என் இடுப்பில்தான். காலையில் கிளம்பும்போது அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போய்விட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நானும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு...

தம்பி.

தம்பி, நான் பூட்டிவிட்டேன்.

வெளியே பூட்டிவிட்டேன். அவள் உள்ளே இருக்கிறாள். இரண்டு சாவியும் இங்கே இருக்கிறது. பின்வாசல் சாவியும் இங்கே இருக்கிறது. ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் பூட்டினேன். இப்போது மணி என்ன? ஒன்பதே முக்கால். மூன்று மணி முப்பத்தைந்து நிமிஷம். அவளுக்கு முட்டி. அந்த பாத்ரூம் தரை வழுக்கும். எனக்குத் தெரியும்.

போனை அடிக்கிறேன், இருங்கள். மணி போகிறது. போகிறது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை தம்பி.

இல்லை, அந்த அம்மாள் நம்பர் நான் போனில் வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு என்று வைக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கஸ்தூரி எழுதினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கம் குறைந்துவிடும் என்று கிழிக்கவில்லை. இதோ இருக்கிறது. நீங்கள் அடித்துக் கொடுங்கள். கொடுங்கள். நானே பேசுகிறேன்.

பேசிவிட்டேன்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். பரவாயில்லை, உங்கள் பாட்டில் தண்ணீரே போதும்.

நான் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். நான்கே வாக்கியம். அவள் என்ன சொன்னாள் என்று சொல்கிறேன். நான் "மங்கையா?" என்று கேட்டதுமே, "பயப்படாதீங்கண்ணே, அக்கா எங்க வீட்டுலதான் இருக்கு, கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கு, போனைத்தான் வீட்டுலயே வச்சுட்டு வந்துருச்சு" என்றாள். நான் பூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கவனித்தீர்களா? "நீங்க மூணு வாட்டி இழுத்தப்பவே பாத்தேன். அக்கா வெளிய வரலையேன்னு நெனைச்சேன். நீங்க தெருமுனை திரும்பினதும் போயித் தொறந்துட்டேன்" என்றாள்.

அப்போதே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "தெருவுல வச்சுக் கத்துனா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லண்ணே. எப்படியும் ஞாபகம் வரும், போன் பண்ணுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

மூன்றாவது சாவி அவளிடம்தான் இருக்கிறது. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. மெஷின் டிராயருக்குள் வைத்திருக்கிறாளாம். கொடுத்தது யார் தெரியுமா? கஸ்தூரி. பூட்டு வாங்கின அன்றைக்கே கொடுத்துவிட்டாளாம். முப்பத்து நான்கு வருஷம் என்னோடு இருந்தவள், என் முகத்தைப் பார்த்து, கடைக்காரன் இரண்டுதான் கொடுத்திருப்பான் என்று சொன்னாள்.

பிறகு கஸ்தூரி போனை வாங்கினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வீட்டைப் பாத்துட்டீங்களா?" என்றாள். இன்னும் போய்ச் சேரவில்லை என்றேன். "சரி, பாத்துட்டு வாங்க. எத்தனை படின்னு எண்ணிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கிறது கேட்டது.

முப்பத்தாறு படி. இந்த வீட்டைப் பார்த்துச் சொன்ன புரோக்கர் முதல் நாளே சொல்லிவிட்டான். நான் அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் மங்கையர்க்கரசி மறுபடியும் போனை வாங்கி, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டீர்கள் இல்லையா? இன்னும் இல்லம்மா, இனிமேல்தான் என்றேன். பதினோரு மாதத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வது இதுதான் முதல் தடவை. ஒன்று.

எல்லாரும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. இன்னும் இரண்டு பேர் வர வேண்டும். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் தம்பி, நான் இறங்கிக்கொள்கிறேன். அந்த மஞ்சள் பையை எடுத்துக் கொடுங்கள். ஆமாம், டிக்கெட் மெட்ராஸ் வரைக்கும் இருக்கிறது. தெரியும்.

ஜெயங்கொண்டம் போகிற வண்டி ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கும்?

இல்லை, சும்மாதான் கேட்டேன்.